ஃபிட்ஸ் எண்ணிக்கையோடு பிள்ளையின் மனதையும் கேளுங்கள்: ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவமனைகளின் நரம்பியல், குழந்தைகள் நலப் பிரிவு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் வலிப்பு நோய் உள்ள ஒரு பெண் பிள்ளையின் தாய். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அரசு மருத்துவமனையில்தான் அவளுக்கு வைத்தியம். மாதாமாதம் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. வெளியில் வாங்கினால் எங்கள் வருமானத்தில் கட்டுப்படியாகாது. ஸ்கேன், ஈ.ஈ.ஜி. எல்லாம் அங்கேயே எடுத்தார்கள். இந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். வலிப்பு நோய்க்கு மருந்து வாங்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் மனநிலை, பள்ளி, வீடு, நட்பு பற்றி முறையாக விசாரிக்க வேண்டும். நோய் உறுதியானதும் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது, மாத்திரையை மாற்றினால் அதற்குப் பின் ஒரு தடவை. ஞாபகம் வந்தால் கேட்கிற விஷயமாக இல்லாமல், எடை பார்ப்பது போல அது வழக்கமாக வேண்டும். விசாரித்ததில் ஏதாவது தெரியவந்தால் பிள்ளையை அடுத்து யாரிடம் அனுப்புவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஓ.பி. நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலை பஸ் பிடித்து வந்து சீட்டு போட்டு, பெஞ்சில் இடம் பிடித்து உட்காருவோம். எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிடும். உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிடம். "ஃபிட்ஸ் வந்துச்சா? எத்தனை தடவை? மாத்திரை விடாம போடுறாளா? தூக்கம் சரியா இருக்கா?" அவ்வளவுதான் கேட்க முடிகிறது. வெளியே நூறு பேர் நிற்கும்போது வேறென்ன கேட்பீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் வலிப்பு வந்த தேதி இருக்கிறது, மாத்திரையின் அளவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் என் மகளுக்கு மாத்திரையை மாற்றினார்கள். லெவிடிராசெட்டம் கொடுத்தார்கள். வலிப்பு நன்றாகவே அடங்கியது. நோட்டில் "வலிப்பு இல்லை" என்று எழுதியபோது எனக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டில் வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பென்சிலை எடுத்தான் என்று ஜியாமெட்ரி பாக்ஸைச் சுவரில் எறிந்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து அழுதாள். மாமியார் "வயசு அப்படி" என்றார். வகுப்பு டீச்சர் "கவனமே இல்லை, எதிர்த்துப் பேசுகிறாள்" என்று கூப்பிட்டுச் சொன்னார். ஒருநாள் "நான் இருக்கிறதாலதானே உங்களுக்கு இவ்ளோ கஷ்டம்" என்றாள். இந்த மாத்திரை சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓ.பி.யில் வலிப்பு வந்ததா என்று கேட்டார்கள், இல்லை என்று சொன்னேன், அதே மாத்திரையை மறுபடி எழுதினார்கள். கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

பல மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள், பெரிய டாக்டர் வருவதற்கு முன், ஒரு பயிற்சி மருத்துவர் நோட்டை எழுதிக்கொண்டே என் மகளைப் பார்த்துச் சும்மா கேட்டார்: "ஸ்கூல்ல மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடுவ?" மகள் தரையைப் பார்த்தபடி "தனியாத்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் தொட்டா அவங்களுக்கும் வந்துருமாம்" என்றாள். எனக்கே அது அன்றுதான் தெரியும். வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியதிலிருந்து அவள் டிபன் பாக்ஸை யாரும் தொடுவதில்லை. பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இன்னும் நாலு கேள்வி கேட்டார். கோபம், தூக்கம், அழுகை எல்லாம் வெளியே வந்தது. பெரிய டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார், மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார். இப்போது மகள் தேறி வருகிறாள்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டது ஒருவருடைய நல்ல மனதால். அவருக்குப் பயிற்சி முடிந்திருக்கும், வேறு எங்கோ போயிருப்பார். அடுத்த பிள்ளையிடம் இதை யார் கேட்பார்கள்?

இது என் மகளுக்கு மட்டும் நடந்ததோ என்று தேடிப் படித்தேன். மருத்துவ உலகத்துக்கு இது அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையில் வேறு பாதிப்பு இல்லாமல் வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளில் 100க்குச் சுமார் 29 பேருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. மூளைப் பாதிப்பும் சேர்ந்திருந்தவர்களில் 58 பேருக்கு. மற்ற பிள்ளைகளில் 7 பேருக்குத்தான். 2003இல் வெளியான பிரிட்டனின் தேசிய அளவிலான ஆய்வு வலிப்பு உள்ள பிள்ளைகளையும் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மனநலச் சிக்கல் இருந்தது வலிப்பில் 37 சதவீதம், சர்க்கரையில் 11 சதவீதம் பேருக்கு. தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். அப்படியென்றால் நீண்ட நாள் நோய் என்பதால் வருகிற வருத்தம் மட்டும் இல்லை இது.

என்னை அதிகம் உலுக்கியது 2014இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலிருந்து வந்த ஆய்வு. வலிப்பு உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளை நிபுணர்கள் உட்காரவைத்து முழுமையாகச் சோதித்தார்கள். 60 சதவீதம் பேருக்கு நடத்தை சார்ந்த அல்லது மனநலம் சார்ந்த கோளாறு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அதுவரை அது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வசதியுள்ள நாட்டிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறார்கள்.

காரணம் ஒன்று இல்லை என்பதால்தான் குறிப்பாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வலிப்பை வரவைக்கும் அதே மூளைக் கோளாறு மனதையும் தொடலாம். சில பிள்ளைகளுக்கு முதல் வலிப்பு வருவதற்கு முன்பே நடத்தையில் மாற்றம் தெரிந்திருக்கிறது. அடுத்தது மருந்து. லெவிடிராசெட்டம் பற்றிச் சொன்னேன். விலை குறைவு என்பதால் நம் ஊரில் அதிகம் பயன்படும் ஃபீனோபார்பிட்டோன் சில பிள்ளைகளை நிலைகொள்ளாமல் துள்ளவைக்கும், சிலரை மந்தமாக்கும். டோபிராமேட் எடுக்கும் சிலருக்குப் பேசும்போது வார்த்தை சிக்காது. வால்ப்ரோயேட்டில் உடம்பு போடும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் 11 வலிப்பு மருந்துகளின் ஆய்வுத் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 0.43 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 0.22 சதவீதம். சிறிய எண்ணிக்கைதான். இதைப் படிக்கும் எந்தப் பெற்றோரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கண்காணிக்க வேண்டும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் பொருள். கண்காணிப்பு என்றால் யாராவது கேட்டாக வேண்டும் அல்லவா?

மூன்றாவது, நாங்களும் ஊரும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓ.பி. அறைக்குள் இது வருவதே இல்லை.

காத்திருக்கும் பெஞ்சில் தாய்மார்கள் பேசிக்கொள்வோம். எல்லோரும் சொல்லும் முதல் விஷயம், "ஸ்கூல்ல சொல்லல." சொன்னால் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், விளையாட்டு விழாவில் நிற்கவிட மாட்டார்கள், "டி.சி. வாங்கிக்கோங்க" என்றுகூடச் சொல்வார்கள் என்று பயம். அதனால் பிள்ளையிடமும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்கிறோம். பத்து வயதுப் பிள்ளை அந்த ரகசியத்தைத் தினமும் பள்ளிக்குச் சுமந்துகொண்டு போகிறது. எப்போது வரும், யார் பார்ப்பார்கள், பாவாடை நனைந்துவிடுமோ என்ற பயம் வகுப்பு முழுக்கக் கூடவே இருக்கிறது. கணக்கில் எப்படி மனம் நிற்கும்? வீட்டுக்கு வந்தால் நாங்கள் விடுவதில்லை. சைக்கிள் வேண்டாம், குளத்துக்குப் போகாதே, பாத்ரூம் கதவைத் தாழ் போடாதே. இதில் சிலது தேவைதான், தாழ்ப்பாள் விஷயம் உட்பட. ஆனால் எது தேவை, எது எங்கள் பயம் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சுய நினைவு வரும்போது, சுற்றிலும் கூட்டம், கையில் இரும்பு. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

பெண் பிள்ளை என்றால் பேச்சு சீக்கிரமே கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன பகுதியை 1999இலேயே எடுத்துவிட்டார்கள். அது எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் மகள் காதில் விழும்படியே "இதை யார் கட்டிக்குவா" என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

இதையெல்லாம் மருத்துவர் தீர்த்துவைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பிள்ளையின் மனதில் இது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்கிறேன். அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாளில் மொத்தம் 25 வரிகள்தான். ஒவ்வொன்றுக்கும் இல்லை, ஓரளவு, நிச்சயமாக என்று மூன்றில் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறதா, நெருங்கிய நண்பர் ஒருவராவது உண்டா, மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்களா என்பது மாதிரிக் கேள்விகள். பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள், 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்ப ஒரு தாள். தமிழிலும் இருக்கிறது. அஞ்சு, பத்து நிமிட வேலை. நாங்கள் பெஞ்சில் காத்திருக்கும் நேரம் அதற்குத் தாராளம். பதின்பருவத்தினரின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, வலிப்பு உள்ள 12 முதல் 17 வயதினருக்கென்றே 12 கேள்விகள் கொண்ட தாளும் உண்டு. நம் பிள்ளைகளிடம் சரிபார்த்து அதையும் பயன்படுத்தலாம்.

இந்தத் தாள் நோயைச் சொல்லிவிடாது. யாரை இன்னும் கொஞ்சம் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள் நம் ஓ.பி.யில் நிறைய. அவர்களுக்கு இந்தத் தாள் போதாது. அவர்களின் அம்மாவிடம் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். தாள் பொருந்தவில்லை என்று அந்தப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அதிகம் கஷ்டப்படுவது அவர்கள்தான்.

எப்படிக் கேட்பது என்பதில் சில விஷயங்களை ஒரு தாயாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் இருக்கிறார்கள். தாளை நீட்டினால் வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். நர்ஸ் அம்மாவோ சமூகப் பணியாளரோ வாசித்துக் காட்ட வேண்டும். பெரிய பிள்ளைகளிடம் சில நிமிடமாவது தனியாகப் பேச வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் என் மனம் நோகக் கூடாது என்றே என் மகள் பதில் சொல்வாள். கேள்வித்தாளில் வந்த மதிப்பெண்ணைக் கூட்டத்தின் நடுவே சத்தமாகச் சொல்லாதீர்கள். பள்ளியில் காட்ட வேண்டிய அதே நோட்டில் மனநலக் குறிப்பை எழுதாதீர்கள், அதற்குத் தனித் தாள் வையுங்கள். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை "அடுத்த மாசம் வா" என்று அனுப்பவே கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். வீட்டில் ராத்திரி பயமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்பதையும் மாத்திரைச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள். 2022இலிருந்து அந்தச் சேவை இருக்கிறது. எங்கள் பெஞ்சில் நான் கேட்டவர்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

முடிந்தால் அந்தத் தாளிலேயே அம்மாவைப் பற்றியும் ஒரு கேள்வி சேருங்கள். "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டால் போதும். ராத்திரியில் வலிப்பு வரும் பிள்ளையின் தாய் வருடக்கணக்கில் அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் உடைந்தால் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லை.

கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம். அதனால் வழியையும் சேர்த்தே கேட்கிறேன். வழி புதிதாகப் போட வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997இல் திருச்சியில் தொடங்கி இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. ஆர்.பி.எஸ்.கே. என்ற பள்ளிச் சிறார் நலத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. அந்தக் குழு பள்ளிக்கே வருகிறது, அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வலிப்பும் உண்டு. அவர்கள் அனுப்பும் பிள்ளைகளுக்காக மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. நரம்பியல் ஓ.பி. ஒரு கிழமை, மனநல ஓ.பி. வேறு கிழமை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு நாள் லீவு என்றால் அன்றைய சம்பளம் போச்சு, பஸ் காசும் போச்சு. போகாமல் விட்டுவிடுவார்கள். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட ஏன் போகணும்" என்று வீட்டில் கேட்பதும் உண்டு. மாதத்தில் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் நரம்பியல் ஓ.பி.யிலேயே, பக்கத்து அறையில் உட்கார்ந்தால் இந்த இரண்டு தடையும் பாதியாகக் குறையும்.

அத்தனை மனநல ஆலோசகர்கள் நம்மிடம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். அதற்கும் ஒரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் வலிப்பும் மனநலச் சிக்கலும் சேர்ந்த 334 பிள்ளைகளை வைத்து நடந்த 'மைஸ்' என்ற ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் மனநலச் சிகிச்சையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மனநல நிபுணர்கள் அல்ல, வலிப்பு மருத்துவப் பிரிவில் வேலை செய்பவர்களே. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வைக்கு நிபுணர்களை வைத்து, பெரும்பாலும் போனிலேயே பேசவைத்தார்கள். ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அந்தப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். முன்னேற்றத்தை அளந்தது நான் மேலே சொன்ன அதே 25 வரித் தாளால். போன் எங்களிடமும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்க முடிந்த மாநிலம் இது. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் மாதம் இரண்டு தடவை போனில் பேசுவது நமக்கு முடியாத காரியம் இல்லை.

வலிப்பு என்றால் என்ன என்று உலக வலிப்பு மருத்துவர் அமைப்பு 2005இல் வகுத்த வரையறையிலேயே அதன் அறிவு, மன, சமூக விளைவுகளும் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் படித்த பாடத்தில் உள்ளதைத்தான் நான் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வலிப்பு உள்ளிட்ட நரம்பியல் நோய்களுக்கான செயல் திட்டம் 2022இல் தொடங்கி 2031 வரை ஓடுகிறது, இந்தியாவும் அதில் உண்டு. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாளில் பேரணியும் சுவரொட்டியும் வழக்கமாக நடக்கும். அது நடக்கட்டும். இந்த வருடம் அதோடு ஒரு அரசாணையும் வந்தால் எங்களுக்கு நிஜமாகவே உதவும்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி, ஒரு ஓ.பி., ஒரு பயிற்சி பெற்ற நர்ஸ், பக்கத்து அறையில் மாதம் ஒரு நாள் ஆலோசகர் என்று தொடங்குங்கள். ஆறு மாதத்தில் எத்தனை பிள்ளைகளைக் கேட்டீர்கள், எத்தனை பேரை அனுப்பினீர்கள், அதில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று மூன்று எண்ணை மட்டும் வெளியிடுங்கள். மூன்றாவது எண் குறைவாக இருந்தால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஏன் போகவில்லை என்று நாங்கள் சொல்கிறோம்.

எங்கள் பெஞ்சில் சில தாய்மார்கள் உதவிக்குத் தயாராக இருக்கிறோம். பிள்ளைகளின் பதில்களை நாங்கள் பார்க்கக் கூடாது, அது நர்ஸ் அம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். ஆனால் புதிதாக வரும் பெற்றோரிடம் இந்தத் தாள் எதற்கு, இதனால் பிள்ளைக்கு எந்தக் கெட்ட பேரும் வராது என்று பேசி அவர்கள் பயத்தைப் போக்க எங்களால் முடியும். எந்த ஊரில், எந்தக் கிழமை வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலிப்பு நோய் ஓ.பி.யில் காத்திருக்கும் ஒரு தாய்